ஐ.வி. முடிஞ்சு அரை நிலா!

இன்ஜினீயரிங் படிக்கிற எல்லாருக்கும் ஒரு ரகசியம் தெரியும். ‘ஐ.வி.’ன்னா இண்டஸ்ட்ரியல் விசிட். வீட்ல கேட்டா, ‘ஃபேக்டரி பார்க்கப் போறோம்ப்பா, திரும்பி வந்து ரிப்போர்ட் எழுதணும்’னு முகத்தை சீரியஸா வெச்சுக்கிட்டு சொல்வோம். ஃபேக்டரிக்குள்ள இருக்கிறது மூணே மணி நேரம். மிச்ச மூணு நாள் கதை எந்த ரிப்போர்ட்லயும் வராது.

இது அந்த எழுதாத ரிப்போர்ட் பாஸ்!

போன பிப்ரவரி மாசம். மெக்கானிக்கல் மூணாவது வருஷம். கோயம்புத்தூர்லேர்ந்து மங்களூருக்கு ஐ.வி. எல்லாரும் சமத்தா ரயிலேறி திரும்பிட்டாங்க. நாங்க நாலு பேர் மட்டும் திரும்பல. டிபார்ட்மென்ட்ல, ‘சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறோம்’னு ஒரு லெட்டர். வீட்ல, ‘ஐ.வி. ரெண்டு நாள் நீட்டிச்சிருக்காங்க’ன்னு ஒரு போன். ரெண்டும் டுபாக்கூர். நிஜத்துல நாங்க போனது கோகர்ணா. அங்க மலையேறி இறங்கினாத்தான் கண்ணுல படுற ஒரு குட்டிக் கடற்கரைக்கு.

பேர் போட்டா பசங்க வீட்ல மாட்டிப்பாங்க. அதனால பட்டப்பேர் மட்டும். எந்த ஊர்ல இறங்கினாலும் ‘எனக்கு வழி தெரியும்’னு முன்னாடி நடக்கிறவன் ‘ஜி.பி.எஸ்.’ பை நிறைய மாத்திரையும் பேண்டேஜுமா அலையறவன் ‘டாக்டர்’. எதைப் பார்த்தாலும் போட்டோ எடுக்கிறவன் ‘லென்ஸ்’. நாலாவது நான். என் வீடு புதுக்கோட்டை. இந்தக் கட்டுரை வந்தா அப்பா படிப்பார். பரவாயில்ல, அவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். எப்படித் தெரிஞ்சுதுங்கிறதுதான் கதை.

தண்டவாளத்துல பாதி, உப்பளத்துல மீதி

மங்களூர்லேர்ந்து விடியக்காலை பாசஞ்சர். சுமார் 740 கிலோமீட்டருக்குப் போட்ட கொங்கண் ரயில் பாதையை 1998 ஜனவரியிலதான் முழுசா திறந்தாங்க. அந்தப் பாதையோட தென்கோடியில நம்ம பயணம். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, இன்னொரு பக்கம் அரபிக்கடல், நடுவுல நசுங்கின மாதிரி ஒரு ரயில். கால் மணிக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு ஆறு கடலைப் பார்க்க ஓடுது. ஹொன்னாவர்ல ஷராவதி ஆத்து மேல ஒரு பாலம் வரும். நீளம் ரெண்டு கிலோமீட்டருக்கும் மேல. கொங்கண் ரயில்லயே நீளமான பாலம் இதுதான். ‘டேய், பாலம் இன்னும் முடியலடா’ன்னு லென்ஸ் வீடியோ எடுத்து எடுத்து, பாதி பேட்டரியை அங்கயே காலி பண்ணிட்டான். இந்தப் பேட்டரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

கோகர்ணா ரோடு ஸ்டேஷன்ல இறங்கினா ஊருக்கு இன்னும் பத்து கிலோமீட்டர். வழியில சாணிகட்டா உப்பளம். பாத்தி பாத்தியா தண்ணி, கரையில வெள்ளையா உப்புக் குவியல். வேதாரண்யம் பக்கம் போனவங்களுக்கு நம்ம ஊருக்கே வந்துட்ட மாதிரி இருக்கும்.

‘கோகர்ணம்’னா பசுவோட காது. கதை நம்ம பாட்டிகளுக்கெல்லாம் மனப்பாடம். ராவணன் கைலாசத்துலேர்ந்து ஆத்மலிங்கத்தை எடுத்துட்டு வர்றான். கீழ வெச்சா திரும்ப எடுக்க முடியாது. சந்தியாவந்தன நேரம் வந்ததும், அங்க நின்ன ஒரு சின்னப் பையன்கிட்ட குடுத்துட்டுப் போறான். பையன் யாரு? நம்ம பிள்ளையார்! மூணு தடவை கூப்பிட்டு, டொக்குனு கீழ வெச்சுட்டார். ராவணன் முறுக்கி முறுக்கி இழுத்ததுல லிங்கம் பசுவோட காது மாதிரி ஆயிடுச்சாம். அதுதான் மகாபலேஸ்வரர். அப்பரும் சம்பந்தரும் பாடின திருக்கோகர்ணம் இதுதான். துளுவ நாட்டுல இருக்கிற ஒரே தேவாரத் தலம்.

எங்க புதுக்கோட்டையிலயும் ஒரு திருக்கோகர்ணம் இருக்கு. அரைக்காசு அம்மன் இருக்கிற கோயில். அந்தப் பேர்லேர்ந்து இந்தப் பேருக்கு வந்திருக்கோமேன்னு ஒரு நிமிஷம் சிலிர்த்துச்சு. ஆனா, உள்ள கூட்டம். ‘பீச் பார்த்துட்டு வந்து சாமி கும்பிடலாம்டா’ன்னு ஜி.பி.எஸ். சொன்னான். வாசல்லயே ஒரு கும்பிடு போட்டுட்டு நடையைக் கட்டினோம்.

மலைக்கு இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கமும் கடல்

கோகர்ணாவுல கடற்கரை ஒண்ணு இல்ல. ஊரை ஒட்டி பெரிய கடற்கரை. அங்கேர்ந்து தெற்கே ஒரு மலையைத் தாண்டினா குட்லே. இன்னொரு மலையைத் தாண்டினா ஓம் பீச். அதுக்கும் அப்புறம் ஹாஃப் மூன். கடைசியா பாரடைஸ். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கடலுக்குள்ள மூக்கை நீட்டிக்கிட்டு ஒரு மலை. ஓம் பீச் வரைக்கும் வண்டி வரும். ஹாஃப் மூனுக்கு நடக்கணும், இல்லேன்னா படகு.

மெரினா பார்த்து வளர்ந்த நமக்கு இது புதுசு. நம்ம கிழக்குக் கரை ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி நேரா, நீளமா இருக்கும். அலை கரையோரமாவே மணலை நகர்த்திட்டுப் போகும். 19-ம் நூற்றாண்டு கடைசியில மெட்ராஸ் துறைமுகம் கட்டினப்போ, அந்த மணல் தெற்குப் பக்கம் தேங்கினதுலதான் மெரினா இவ்வளவு அகலமாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராம கடல் அரிச்சுது. இங்க கதை வேற. மலையே கடல் வரைக்கும் வந்து நிக்குது. கெட்டியான பாறை அலையைத் தாங்கிக்கிட்டு மூக்கு மாதிரி நீட்டிட்டு இருக்கு. நடுவுல இருக்கிற இளகின இடத்தை அலை அரிச்சு உள்ள வாங்கிடுது. அலை அந்த மூக்குல வளைஞ்சு மோதும்போதே பலத்தையெல்லாம் அங்க இறக்கி வெச்சிட்டு, உள்ள வரும்போது சாதுவாயிடுது. கையில இருக்கிற மணலைக் கரையில போட்டுட்டுப் போகுது. ரெண்டு மூக்குக்கு நடுவுல ஒரு கைப்பிடி மணல். அவ்வளவுதான் ஹாஃப் மூன்.

குட்லே தாண்டி ஓம் பீச்சுக்கு வந்தப்போ மத்தியானம் ரெண்டரை. மேலேர்ந்து பார்த்தா நிஜமாவே ‘ஓம்’ எழுத்து மாதிரி ரெண்டு வளைவு. கீழ படகுக்காரர் கூப்பிட்டார். நாலு பேர் பாக்கெட்டையும் தடவிப் பார்த்துட்டு, ‘நடந்தா தாங்க த்ரில்’னு கௌரவமா மறுத்தோம்.

ஜாருத்தே... ஜோருத்தே!

ஓம் பீச்சோட தெற்குக் கோடியில மணல் முடியிற இடத்துல பாதை ஆரம்பிக்குது. பாதைன்னா பெருசா கற்பனை பண்ணாதீங்க. ஆடு போன தடத்துல ஆள் போயி, ஆள் போன தடத்துல மழைத்தண்ணி ஓடி, அதுவா விழுந்த வழி. முதல் பத்து நிமிஷம் செங்குத்தா ஏத்தம். காலுக்குக் கீழ செம்புறாங்கல். எங்க மாவட்டத்துலயும் இந்தக் கல் உண்டு. வெட்டி வீடு கட்டுவாங்க. ஆனா இங்க அது உடைஞ்சு கோலிக்குண்டு கோலிக்குண்டா பாதை முழுக்கக் கிடக்கு. கால் வெச்சா நாம நிக்கிறோம், தரை நகருது. மெஷின்ல பால் பேரிங்கோட வேலை உராய்வைக் குறைக்கிறதுன்னு பரீட்சையில எழுதி ரெண்டு மார்க் வாங்கியிருக்கேன். அதை உள்ளங்கால்ல புரிஞ்சுக்கிட்டது அன்னிக்குத்தான்.

மூச்சு வாங்க மேல ஏறினா, முள்ளும் புதருமா ஒரு காடு. வெயில் இலை இலையா விழுது. வலது பக்கம் இலைகளுக்கு நடுவுல திடீர் திடீர்னு நீலம். எட்டிப் பார்த்தா வயித்துல ஒரு குளிர். கீழ ரொம்ப ஆழத்துல அலை பாறையில மோதிட்டு இருக்கு. சத்தம் மட்டும் கொஞ்சம் தாமதமா மேல வருது.

எதிர்ல ஒரு பாட்டி. தலையில விறகுக்கட்டு, கழுத்து நிறைய அடுக்கடுக்கா பாசிமணி. இந்தப் பக்கத்து ஹாலக்கி ஒக்கலிகா சமூகப் பெண்களோட அடையாளமே இந்த மணிகள்தான். கோகர்ணா, அங்கோலா சந்தைகள்ல காய்கறி விக்கிறவங்கள்ல நிறைய பேர் இவங்கதான். செருப்பில்லாத காலோட, ஏதோ வீட்டு வாசல்ல நடக்கிற மாதிரி வந்தாங்க. எங்க ஷூவைப் பார்த்தாங்க. எங்களைப் பார்த்தாங்க. பாதையைக் கையால காட்டி, ‘கல்லு ஜாருத்தே’ன்னாங்க.

“என்னடா சொல்றாங்க?”

“ஜோரா இருக்குமாம்டா!”ன்னான் ஜி.பி.எஸ்.

பாட்டி தலையில அடிச்சுக்காத குறையா போயிட்டாங்க. ‘ஜாருத்தே’ன்னா கன்னடத்துல ‘வழுக்கும்’னு அர்த்தமாம். அது எங்களுக்குத் தெரியறப்போ மணி ஆறு.

அரை நிலா

இருபத்தஞ்சு நிமிஷ நடைக்கு அப்புறம் பாதை சட்டுனு கீழ விழுது. மரத்தோட வேரைப் பிடிச்சுக்கிட்டு, உட்கார்ந்து, தவழ்ந்து இறங்கினா... ஒரு நிமிஷம் யாரும் பேசல.

பெருசா ஒண்ணும் இல்லீங்க. நம்ம காலேஜ் கிரவுண்டு அளவுகூட இருக்காது. ரெண்டு பக்கமும் கறுப்புப் பாறை, பின்னாடி பச்சை மலை, நடுவுல அரை வட்டமா மணல். நாலஞ்சு தென்னை, சில குடிசைகள், ஒரு சின்னக் கடை, கயித்துல தொங்குற ஊஞ்சல் தொட்டில். வேற எதுவும் இல்ல. ஹாரன் சத்தம் இல்ல, சுண்டல்காரர் இல்ல, பலூன் சுடுற துப்பாக்கி இல்ல. எங்களைத் தவிர அங்க இருந்தது ஆறேழு பேர். ஒரு நாய்.

செல்போனைப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்ல. ‘சூப்பர்டா... இனிமே யாரும் நம்மளைப் பிடிக்க முடியாது!’ன்னு கத்தினேன். இதைச் சொன்னது நான்தான். மறைக்கல.

சட்டையைக் கழட்டிட்டு ஜி.பி.எஸ். தண்ணிக்கு ஓடினான். இடது பக்கம் பாறையை ஒட்டி அலையே இல்லாம, கண்ணாடி மாதிரி அமைதியா ஒரு இடம். அங்கதான் குறி. கடைக்கார அண்ணா உள்ளேர்ந்து ஓடி வந்து விசில் அடிச்சார். சினிமா பார்த்துக் கத்துக்கிட்ட தமிழ்: “தம்பி, அங்கே வேணாம்! அலை இருக்குற இடம் நல்லது. அலை இல்லாத இடம் கெட்டது!”

தலைகீழா சொல்றாரேன்னு தோணுதுல்ல? யோசிச்சுப் பார்த்தா கணக்கு சரிதான். கரைக்கு அலையா வந்த தண்ணி எப்படியாவது கடலுக்குத் திரும்பணும். ஆழமான பள்ளம் எங்க இருக்கோ அந்த வழியா, பாறையோரமா, ஆறு மாதிரி வேகமா வெளியே ஓடும். தண்ணி ஆழமா, வெளியே ஓடிட்டு இருக்கிறதால அங்க அலை உடையாது, பார்க்க சாதுவா இருக்கும். ‘ரிப் கரன்ட்’னு சொல்ற இழுப்பு இதுதான். மாட்டிக்கிட்டா கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டு களைச்சுப் போகக்கூடாது. பதறாம மிதக்கணும், கரைக்கு இணையா, பாறை இல்லாத பக்கமா நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்துட்டு, அப்புறம் கரைக்கு வரணும். கடல்ல செத்துப்போற எத்தனையோ காலேஜ் பசங்களை இழுத்துட்டுப் போறது பெரிய அலை இல்ல, இந்த அமைதியான தண்ணிதான். ஓம் பீச்சுல லைஃப் கார்டு உண்டு. இங்க நாங்க பார்த்த வரைக்கும் இந்தக் கடைக்கார அண்ணாவும் அவர் விசிலும்தான்.

நடுவுல, முழங்கால் தண்ணியில ஒரு மணி நேரம் ஆட்டம். இளநீர். தொட்டில்ல படுத்து வானத்தைப் பார்த்தப்போ, இந்த உலகத்துல எங்களுக்கு அரியர்ஸே இல்லாத மாதிரி ஒரு நிம்மதி. அங்கயே நிறுத்தியிருக்கணும்.

பாரடைஸுக்கு இருபது நிமிஷம்

“பாரடைஸ் இன்னும் இருபது நிமிஷம்தான், சன்செட் அங்க பார்ப்போம்”னான் ஜி.பி.எஸ். மணி நாலரை. கடைக்கார அண்ணா, ‘லேட் ஆச்சு, நாளைக்குப் போங்க’ன்னார். நாளைக்கு எங்களுக்கு ரயில். கிளம்பிட்டோம்.

இந்தப் பாதை முன்னதைவிட மோசம். பாதி தூரம் பாறைக்குப் பாறை தாவல். ஒரு சரிவுல ஜி.பி.எஸ். முன்னாடி போனான். திரும்பி, ‘ஜோரா இருக்குடா’ன்னு சொல்ல வாயைத் திறந்தான். கோலிக்குண்டுக் கல் உருண்டுச்சு. ஆள் காணோம்.

ரெண்டாள் உயரம்கூட இருக்காது, ஒரு புதர் தடுத்து நிறுத்திடுச்சு. அந்தப் புதருக்கு அடுத்து என்ன இருந்துச்சுன்னு நான் இப்பவும் நினைச்சுப் பார்க்க விரும்பல. அலை சத்தம் மட்டும் கேட்டுச்சு. இறங்கிப் போனா, அவன் கணுக்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். முகத்துல ரத்தமே இல்ல. பார்த்துட்டு இருக்கும்போதே கால் வீங்குது.

ஹாஸ்டல்ல நாங்க கிண்டல் பண்ண அந்தப் பையை டாக்டர் திறந்தான். கிரேப் பேண்டேஜ், மாத்திரை, ஓ.ஆர்.எஸ். எல்லாம் இருந்துச்சு. கட்டுப் போட்டான். ‘டேய், யாருக்காவது போன் போடு’ன்னான் லென்ஸ். அவன் போன் பாலத்துலயே செத்துப் போச்சு. என் போன்ல சிக்னல் இல்ல. ஒரு மணி நேரம் முன்னாடி நான் கைதட்டிக் கொண்டாடின அதே சிக்னல் இல்லாமைதான்.

பாதை ஒத்தையடி. ரெண்டு பேர் தோள் குடுக்க இடமில்ல. அதனால ஜி.பி.எஸ். உட்கார்ந்த வாக்குலயே நகர்ந்தான். முன்னாடி நான், பின்னாடி டாக்டர், ஒரு கையில கம்பு. பத்து நிமிஷத்துல வந்த தூரம் திரும்ப முக்கால் மணி நேரம் ஆச்சு. சூரியன் கடலுக்கு மேல ஆரஞ்சு கலர்ல இறங்கிட்டு இருந்துச்சு. வாழ்க்கையில நான் பார்த்த ரொம்ப அழகான சூரிய அஸ்தமனம் அது. ‘சீக்கிரம் இறங்காத சாமி’ன்னு அதைக் கும்பிட்டுக்கிட்டே வந்தேன்.

யாருக்குத் தெரியும்?

ஹாஃப் மூன் வந்து சேர்ந்ததும் கடைக்கார அண்ணா ஒண்ணும் கேட்கல. கூல்டிரிங்ஸ் பெட்டியிலேர்ந்து ஐஸை அள்ளி, துணியில சுத்தி வெச்சார். காலைத் தூக்கி ஊஞ்சல் மேல வெச்சார். ‘கல்லு ஜாருத்தே... ஸ்லிப் ஆகும்’னார். அப்பதான் பாட்டி சொன்னது புரிஞ்சுது.

அப்புறம்தான் கேட்டார்: “நீங்க இங்க இருக்குறது யாருக்குத் தெரியும்?”

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். காலேஜைப் பொறுத்தவரைக்கும் நாங்க சொந்தக்காரங்க வீட்ல. வீட்டைப் பொறுத்தவரைக்கும் மங்களூர் ஃபேக்டரியில. கோகர்ணாவுல, இந்த மலைக்குப் பின்னாடி, இந்தக் கைப்பிடி மணல்ல நாங்க இருக்கோம்னு உலகத்துல ஒரு ஆளுக்கும் தெரியாது. வைவாவுல கேள்வி தெரியாம நின்னிருக்கேன். இப்படி ஒரு கேள்விக்கு இவ்வளவு நேரம் நின்னதில்ல.

அவர் தலையை ஆட்டிட்டு, பின்னாடி இருந்த ஒரு பாறை மேல ஏறினார். அங்க நின்னா மட்டும் ஒரு கம்பெனி சிக்னல் கிடைக்குமாம். கன்னடத்துல யார்கிட்டயோ சத்தமா பேசினார். இருபது நிமிஷம் கழிச்சு மோட்டார் சத்தம். ஓம் பீச்சுல நாங்க ‘த்ரில்’னு சொல்லித் திருப்பி அனுப்பின அதே படகுக்காரர்! ஜி.பி.எஸ்.ஸை அலேக்கா தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில நடந்து படகுல ஏத்தினோம். படகு திரும்பினப்போ மலையைப் பார்த்தேன். மத்தியானம் நாங்க மூச்சு வாங்கி நடந்த பாதை, அங்கேர்ந்து பார்த்தா நகத்தால கீறின மாதிரி ஒரு மெல்லிசு கோடு. அதுல நாலு பேர் நின்னாக்கூட தெரியாது. விழுந்தாலும் தெரியாது.

படகுக்காரர் வழக்கமான காசுதான் வாங்கினார். கடைக்கார அண்ணா ஐஸுக்குக் காசே வாங்கல.

ஊர்ல ஒரு கிளினிக். எக்ஸ்ரே. ‘எலும்பு உடையல, லிகமென்ட் இழுத்திருக்கு, மூணு வாரம் ரெஸ்ட்’னு டாக்டர் (நிஜ டாக்டர்!) சொன்னதும்தான் நாங்க மூச்சே விட்டோம். வெளியே வந்தேன். போன்ல நாலு கோடும் இருந்துச்சு. அப்பா நம்பரைப் பார்த்துட்டு அஞ்சு நிமிஷம் நின்னேன். பொய்யைத் தொடரலாம். காலேஜ்ல ஆரம்பிச்சு வீடு வரைக்கும் எல்லாம் பக்காவா செட் பண்ணின பொய். ஆனா அந்த அண்ணா கேட்ட கேள்வி காதுலயே இருந்துச்சு.

சொல்லிட்டேன். எல்லாத்தையும்.

திட்டுவார்னு போனைக் காதுலேர்ந்து கொஞ்சம் தள்ளிப் பிடிச்சேன். அப்பா திட்டல. ரொம்ப நேரம் பேசாம இருந்தார். “அந்தப் பையன் கால் எப்படிடா இருக்கு?”ன்னார். சொன்னேன். மறுபடி அமைதி. அப்புறம் மெதுவா, “ஏதாவது ஆகியிருந்தா நாங்க மங்களூர்லல்லடா தேடியிருப்போம்...”னார்.

அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. அவர் திட்டியிருந்தா ஒரு வாரத்துல மறந்திருப்பேன்.

அம்மா போனை வாங்கினாங்க. எங்க ஊர்ல எது தொலைஞ்சாலும் அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வெச்சு வேண்டிப்பாங்க. “தொலைஞ்ச கம்மல் கிடைக்கணும்னு வேண்டியிருக்கேன்டா, புள்ள கிடைக்கணும்னு வேண்ட வெச்சிடாத”ன்னாங்க. குரல் உடைஞ்சுது. அடுத்த நிமிஷமே, “எந்த ஊருன்ன... கோகர்ணமா? உங்க பாட்டி சாகுற வரைக்கும் போகணும் போகணும்னு சொல்லிட்டிருந்த கோயிலுடா! சாமி பார்க்கப் போறேன்னு சொல்லியிருந்தா நாங்களே காசு குடுத்து அனுப்பியிருப்போமே! உள்ள போய் கும்பிட்டியா இல்லையா?”ன்னாங்க.

என்ன பதில் சொல்றது? மறுநாள் காலையில முதல் வேலையா கோயிலுக்குப் போனோம். ஜி.பி.எஸ். வாசல்ல ஒரு கடைத் திண்ணையில காலை நீட்டி உட்கார்ந்திருக்க, நாங்க மூணு பேரும் பாட்டி சார்பா வரிசையில நின்னோம்.

நீங்களும் போறீங்களா?

போங்க. கண்டிப்பா போங்க. ‘வேண்டாம்’னு சொல்றதுக்கு இதை எழுதல. அந்த அரை நிலாவை நடந்து போய் பார்க்கிற சுகம் வேற. ஆனா, கொஞ்சம் கேட்டுக்கோங்க.

அக்டோபர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல சீஸன். ஜூன்லேர்ந்து செப்டம்பர் மழைக்காலம். பாதை வழுக்கும், கடல் கொந்தளிக்கும், படகும் ஓடாது. அப்போ வேண்டாம்.

ஹவாய் செருப்பு ஆகாது. பிடிமானம் இருக்கிற ஷூ போடுங்க. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, ஒரு டார்ச். உங்க கேங்குலயும் ஒரு ‘டாக்டர்’ இருப்பான், அவன் பையைக் கிண்டல் பண்ணாதீங்க.

காலையிலயே கிளம்புங்க. நாலு மணிக்கு மேல புதுப் பாதையில கால் வெக்காதீங்க. திரும்பிவர படகு கிடைக்குமா, கடைசிப் படகு எப்போன்னு ஓம் பீச்சுலயே கேட்டுக்கோங்க.

கொண்டு போன பாட்டிலையும் கவரையும் திருப்பிக் கொண்டு வாங்க. அந்தக் கரைக்குக் குப்பை லாரி வராது. வர்றதுக்கு வழியே இல்லாததுதானே அதோட அழகு!

கடைசியா ஒண்ணு. தனிமையான இடம் தேடிப் போறோம். யாரும் வர முடியாத இடம்னா, உதவியும் வர முடியாத இடம்னு அர்த்தம். அதனால, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்கிட்டயாவது நிஜத்தைச் சொல்லிட்டுப் போங்க. அப்பா அம்மாகிட்ட சொல்ல பயமா இருந்தா அக்காகிட்ட, ரூம்மேட்கிட்ட... யார்கிட்டயாவது. எந்த ஊர், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம். மூணு வரி மெசேஜ்.

ஜி.பி.எஸ். இப்போ நல்லா நடக்கிறான். இன்னும் முன்னாடிதான் நடக்கிறான்! பாரடைஸ் மட்டும் நாங்க இன்னும் பார்க்கல. வர்ற டிசம்பர்ல போறதா பிளான். இந்தத் தடவை ஐ.வி. கிடையாது, லெட்டர் கிடையாது.

அப்பாகிட்ட கேட்டேன். “சரி, போ”ன்னார். கொஞ்சம் யோசிச்சுட்டு, “நானும் வரட்டுமா?”ன்னார்.

மக்கா... இப்போ நாங்க அஞ்சு பேர்!